ஒரு வீடியோ கத்துது, அடுத்தது முணுமுணுக்குது... ஏன்?

இரவு மணி 11. பழைய குடும்பக் காணொளியில் பாட்டியின் குரல் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறீர்கள். அடுத்து ஓடும் படம் வீட்டையே அதிர வைக்கிறது. தூங்கிய குழந்தையும் எழுந்துவிட்டது!

ஏன் இப்படி?

ஒவ்வொரு காணொளியும் வெவ்வேறு அளவில் பதிவாகியிருக்கும். உச்ச அளவை மட்டும் சமப்படுத்தினால் போதாது. ஒரே ஒரு கைத்தட்டல் உச்சத்தைத் தொட்டிருக்கலாம். பேச்சு மெதுவாகவே இருக்கும். நம் காது கவனிப்பது சராசரிச் சத்தத்தை.

அதை அளக்கும் அலகு 'லஃப்ஸ்'. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் வகுத்த 'ஆர்128' தரநிலையின் இலக்கு -23 லஃப்ஸ்.

என்ன செய்யலாம்?

- மூலக் கோப்பைப் பத்திரமா வச்சுக்கோங்க. நகலில் மட்டும் மாற்றுங்கள்.

- 'எஃப்எஃப்எம்பெக்' எனும் இலவச மென்பொருளில் 'லவுட்நார்ம்' வசதி உண்டு. இருமுறை ஓடவிடுங்கள். முதல் முறை அளக்கும். அடுத்த முறை அந்த அளவை வைத்துச் சரிசெய்யும்.

- எல்லாக் காணொளிக்கும் ஒரே இலக்கு வையுங்கள்.

ஒரே படத்தில் வசனம் மெதுவா, சண்டை மட்டும் சத்தமா இருக்கா? அது வேற பிரச்சினை. சராசரியைச் சமப்படுத்துவதால் அது தீராது. தொலைக்காட்சியில் 'நைட் மோட்' இருந்தால் போட்டுப் பாருங்கள். அது இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும்.