ஒரே கருவி, இரு வாசகர்கள்

டெலிகிராம் பாட் மூலம் ஒலி அனுப்ப இரண்டு கட்டளைகள் உண்டு: சென்ட்ஆடியோ, சென்ட்வாய்ஸ். இவற்றை விளக்க இன்று இரண்டு வகை ஆவணங்கள் எழுதப்படுகின்றன. ஒன்று, நிரலாளர் படிக்கும் பாட் ஏபிஐ பக்கம். 2015 முதல் இருப்பது. மற்றொன்று, அதே கட்டளைகளை ஏஐ ஏஜென்ட் கையாளும் கருவியாக மாற்றுபவர் எழுதும் குறுவிளக்கம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் இதற்கு ஒரு பொது வடிவம் தந்தது: கருவியின் பெயர், சிறு விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு. முன்னதைப் படிப்பவர் மனிதர். பின்னதைப் படிப்பது மொழி மாதிரி. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒற்றுமையும் வேற்றுமையும் நாம் எதிர்பார்க்கும் இடங்களில் இல்லை.

நீளத்தில் உள்ள வேறுபாடு பார்த்தவுடனே தெரிவது. நிரலாளர் பக்கம் எவ்வளவும் நீளலாம். வேண்டியதைத் தேடி எடுத்துக்கொண்டு மீதியை அவர் விட்டுவிடுவார். ஏஜென்டுக்கான விளக்கமோ பெரும்பாலும் உரையாடல்தோறும் முழுதாக ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு சொல்லும் இடத்தை அடைக்கிறது, செலவும் வைக்கிறது. ஆகவே சுருக்கம் கட்டாயமாகிறது. ஆனால் சுருக்கத்தில் விடுபட்டதை நிரலாளர் வேறெங்காவது தேடிப் பிடித்துவிடுவார். ஏஜென்டுக்கோ விளக்கத்தில் இல்லாதது பெரும்பாலும் இல்லாததுதான்.

எதை விடக்கூடாது என்பதற்கு ஒரு வரியைக் கூர்ந்து பார்ப்போம். இணைய முகவரியைக் கொடுத்துக் குரல் செய்தி அனுப்பினால், கோப்பு ஓஜிஜி வகையாகவும் 1 எம்பிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். 1 முதல் 20 எம்பி வரையிலானவை வெறும் கோப்பாகவே போகும் என்கிறது டெலிகிராமின் பக்கம். நேரடியாகப் பதிவேற்றினால் வரம்பு 50 எம்பி. நிரலாளர் ஒருவர் 3 எம்பி பதிவை முகவரி வழியே அனுப்பிவிட்டுத் தம் கைபேசியைப் பார்க்கிறார். குரல் செய்திக்குரிய அலைக்கோடுகள் இல்லை, கோப்புச் சின்னம்தான் இருக்கிறது. பிழை எங்கே என்று அப்போதே தேடத் தொடங்குகிறார். ஏஜென்டும் அதே பதிவை அனுப்புகிறது. வெற்றி என்று பதில் வருகிறது. “குரல் செய்தியை அனுப்பிவிட்டேன்” என்று பயனரிடம் சொல்கிறது. பெறுபவரின் திரையில் என்ன தெரிகிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே அதற்கான விளக்கத்தில் வரம்பை மட்டும் சொன்னால் போதாது. வரம்பை மீறினால் என்ன நடக்கும், திரும்பி வரும் செய்தியில் வாய்ஸ் என்ற புலம் இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றையும் சொல்ல வேண்டும்.

பிழைச் செய்திகளிலும் இதே கதைதான். கோப்பு அடையாளமோ இணைய முகவரியோ தவறு என்று இரண்டு காரணங்களையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லும் பிழை ஒன்று டெலிகிராமில் உண்டு. நிரலாளர் அனுபவத்தால் எது என்று ஊகிக்கிறார். ஏஜென்டுக்கு அந்தப் பிழைவரியே அடுத்த ஆவணம். அது இரு பொருள் தந்தால் மறுமுயற்சியும் இரு திசைகளில் அலைகிறது.

எதிர்பாராத உறவு கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தென்படுகிறது. எம்பி3 கோப்பை இரு கட்டளைகளும் ஏற்கின்றன. அப்படியானால் எதை எப்போது பயன்படுத்துவது? இசை இயக்கியில் தோன்ற வேண்டுமானால் சென்ட்ஆடியோ, கேட்கத்தக்க குரல் செய்தியாகத் தோன்ற வேண்டுமானால் சென்ட்வாய்ஸ் என்று மனிதருக்கான பக்கமே நோக்கத்தை வைத்துப் பிரித்துக் காட்டுகிறது. ஏஜென்டுக்கு இதைவிடப் பயனுள்ள வாக்கியத்தை நான் கண்டதில்லை. ஏஜென்டை மனத்தில் கொள்ளாமல் எழுதப்பட்ட வரி, அதற்கென்றே எழுதியதுபோல் பொருந்துகிறது. எழுதியவரிடம் திரும்பக் கேட்க வழியில்லாத நிலை இரு வாசகருக்கும் பொது. அதனால்தான் இருவருக்கும் ஒரே வாக்கியம் உதவுகிறது.

வேற்றுமை கூர்மையாவது அதிகாரத்தில். நிரலாளருக்கு ஆவணம் தகவல். அதை அவர் சந்தேகிக்கலாம். ஏஜென்டுக்கு அதே ஆவணம் ஏறக்குறைய ஆணை. விளக்கத்துக்குள் தீய கட்டளையை ஒளித்துவைத்து ஏஜென்டைத் திசைதிருப்பும் தாக்குதல் இதனால்தான் சாத்தியமாகிறது. கருவி எதையாவது அழிக்குமா, திரும்ப அழைத்தால் விளைவு இரட்டிக்குமா என்று குறிக்கும் குறிப்புகளைப் புரோட்டோகால் 2025 மார்ச் பதிப்பில் சேர்த்தது. நம்பகமான சேவையகத்திலிருந்து வராதவரை அவற்றை நம்பக்கூடாது என்றும் விதித்தது. ஒலி அனுப்புவதில் அந்த இரண்டாவது குறிப்பு முக்கியம். நேரம் கடந்துவிட்டது என்ற பிழையைக் கண்டு ஏஜென்ட் மீண்டும் அனுப்பினால், பெறுபவர் ஒரே குரலை இருமுறை கேட்க நேரலாம்.

என் தீர்ப்பு, ஏஜென்டுக்கான விளக்கமே எழுதுபவரிடம் அதிக நேர்மையைக் கேட்கிறது. விளைவைச் சொல்லாமல் அங்கே தப்பிக்க முடியாது. ஆகவே இத்தகைய கருவிகளுக்கு ஆவணம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஏஜென்டுக்கான குறுவிளக்கத்தை முதலில் எழுதுங்கள், பிறகு அதை நிரலாளர் பக்கத்தின் தொடக்கத்திலும் சேருங்கள்.