அறப்பணி மணிநகை (இலங்கை)

அறப்பணி மணிநகை என்பது பாலியல் துஷ்பிரயோகத்துக்கும் சுரண்டலுக்கும் ஆளான சிறுமியர் தம் கையால் கோத்துச் செய்யும் மாலை, வளையல், தோடு முதலிய அணிகளைக் குறிக்கும். அவர்களின் பராமரிப்புக்கும் சிறுவர் பாதுகாப்புப் பணிக்கும் பணம் திரட்ட விற்கப்படும் அணிகளும் இதே பெயரில் அடங்கும். இலங்கையில் இதற்கு முன்மாதிரி எமர்ஜ் லங்கா அமைப்பின் மணித் திட்டம். நுவரெலியா மாவட்டத்துப் பொகவந்தலாவை போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளை மனத்தில் வைத்தே இத்திட்டத்தைப் பார்க்கவேண்டும். வீட்டு வேலைக்கென்று பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பும் பழக்கம் இம்மலைகளில் இன்னும் அற்றுப்போகவில்லை.

தோற்றம்

சுனாமிக்குப் பிந்திய 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவி அலியா விட்னி-ஜோன்சன் தொண்டுப் பணிக்காக இலங்கை வந்தார். சிறு வயதிலிருந்தே நகை செய்து விற்றுப் பழகியவர் அவர். பாலியல் வன்முறையிலிருந்து மீட்கப்பட்ட பதின்ம வயதுச் சிறுமியர் தங்கியிருந்த இல்லம் ஒன்றில் அவர்களுக்கு மணி கோக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் பலர் சொந்த வீட்டாராலேயே சீரழிக்கப்பட்டவர்கள். சிலர் கையில் குழந்தையும் இருந்தது. அந்த வகுப்பே பின்னர் எமர்ஜ் லங்கா என்னும் அமைப்பாக வளர்ந்தது.

மணி கோப்பது பார்வைக்கு எளிய வேலை. துணி விரித்த தட்டில் மணிகளை நிறவாரியாகப் பிரித்து, கோக்கும் முன்னரே வரிசை அடுக்கிப் பார்க்கவேண்டும். மெல்லிய கம்பியில் ஒவ்வொன்றாக ஏற்றி, முனையில் கொக்கி மாட்டி, சிறு உலோக மணியைக் குறடால் நசுக்கி இறுக்கவேண்டும். அந்தக் கடைசி அழுத்தம் பிசகினால் மாலை முழுவதும் கொட்டிவிடும். பிறகு கணக்கு: மணிக்கு எவ்வளவு, கொக்கிக்கு எவ்வளவு, தன் நேரத்துக்கு எவ்வளவு. தன் உழைப்புக்குத் தானே விலை போடும் இந்த இடம்தான் திட்டத்தின் உயிர். கைத்தொழிலோடு பணத்தைக் கையாளும் முறை, உடல்நலம், தலைமைத்துவம் ஆகியவையும் கற்பிக்கப்படுகின்றன. ஈட்டிய பணம் பிள்ளையின் சேமிப்பாகச் சேர்ந்து, இல்லத்தை விட்டுப் போகும் நாளில் வாழ்க்கையைத் தொடங்கக் கைகொடுக்கிறது.

அந்த நாளுக்காக இல்லத்தில் காத்திருக்கும் காலமும் கொஞ்சநஞ்சமல்ல. சிறுவர் துஷ்பிரயோக வழக்குகள் இலங்கை நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் இழுபடுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவன் பிணையில் வீட்டுக்குப் போய்விடுகிறான். முறையிட்ட பிள்ளையோ பாதுகாப்பின் பேரில் இல்லத்தின் மதிலுக்குள் வளர்கிறாள். பள்ளிக்கூடம், கூட்டாளிகள், திருவிழா எல்லாம் கைநழுவிப்போகும் அந்த வருடங்களுக்கு மணித் திட்டம் ஈடாகாது. ஆனால் வெளியேறும் பிள்ளை வெறுங்கையோடு போகாமல் இருக்க அது வழி செய்கிறது.

தோட்டப்புறப் பின்னணி

பொகவந்தலாவை கெசல்கமுவ ஓயா என்னும் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கு. ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் போகும் பாதையின் இருபுறமும் தேயிலைதான். ஓயாக் கரை மண்ணில் இரத்தினக்கல்லும் கிடைக்கிறது. அனுமதியின்றிக் கல் தோண்டியவர்கள் கைதாகும் செய்தி அடிக்கடி வரும். அந்தக் கற்கள் நகையாகி எங்கோ மின்னுகின்றன. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழும் பெண்ணின் நகை வேறு: ஒரு சோடித் தோடு, ஒரு மூக்குத்தி, வாய்த்தால் மெல்லிய சங்கிலி. பள்ளிக்கூடத் தவணை தொடங்கும்போதும் தீபாவளிக்கும் அது அடகுக்கடைக்குப் போய்த் திரும்பும். சில தடவை திரும்பாது. கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிக்கொள்வதும் தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். ஆகவே ஒரு பெண் பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

தாய் மத்திய கிழக்கில், தகப்பன் வேலைக்காட்டில் என்றால் லயத்துக் காம்பராவில் பிள்ளையைக் கவனிக்க ஆளிருக்காது. அப்படிப்பட்ட வீடுகளைத்தான் தரகர்கள் தேடி வருவார்கள். “நல்ல வீடு, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாசம் பொறந்தா காசு” என்பது அவர்களின் வழக்கமான பேச்சு.

2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. அதே வருடம் ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். அவள் நெடுநாள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகியிருந்ததைப் பிரேதப் பரிசோதனை வெளிக்கொணர்ந்தது. மலையக நகரங்களில் மக்கள் நீதி கேட்டு வீதிக்கு வந்தார்கள். டயகம பொகவந்தலாவைக்கு அடுத்த மலைப்பக்கம்; அந்தப் பிள்ளையின் கதையை இங்கே யாரும் வெளியூர்ச் செய்தியாகக் கேட்கவில்லை.

சட்டமும் அமைப்புகளும்

ஆசியச் சுற்றுலாவில் சிறுவர் விற்கப்படுவதை எதிர்த்து 1990இல் தாய்லாந்தில் எக்பாட் இயக்கம் உருவானது. மறுவருடமே மொரீன் செனவிரத்னவின் முயற்சியால் இலங்கையில் ‘பீஸ்’ அமைப்பு தோன்றி அதனுடன் இணைந்தது. ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியதும் 1991இல்தான். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவையில் சிறுவர் பாலியல் சுரண்டலைத் தனிக் குற்றமாக்கியது; பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயதை 12இலிருந்து 16ஆகவும் உயர்த்தியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் தமிழில் முறையிடலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாகச் சாட்சியத்தில் ஏற்க வழி திறந்தது. நடைமுறையில் அது போதிய அளவுக்குப் பயன்படவில்லை என்பது வேதனை.

பிற நாடுகளில்

இந்தியாவில் கொல்கத்தாவில் ஹெர் ஃபியூச்சர் கோலிஷன் என்னும் அமைப்பு, கடத்தலிலிருந்து மீண்ட இளம்பெண்களுக்கு முறையான பொற்கொல்லர் பயிற்சி அளிக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கையிலிருந்த பட்டறையில் பெண்கள் உலையும் சுத்தியலுமாக உட்கார்ந்தது பெரிய மாற்றம். மணி கோப்பதைவிட இதில் கூலி அதிகம், தொழிலும் நிலைக்கும்.

வாங்குவோர் கவனத்துக்கு

இவ்வகை நகைகளில் இரு வகை உண்டு. ஒன்று பாதிக்கப்பட்டவரே செய்து கூலி பெறுவது. மற்றது வணிக நிறுவனம் தன் நகையை விற்று இலாபத்தில் ஒரு பங்கை நன்கொடையாகத் தருவது. இரண்டாவதில், எத்தனை வீதம் யாருக்குப் போகிறது என்று கேட்டறிந்தே வாங்கவேண்டும். நகையோடு செய்தவளின் படத்தையும் துயரத்தையும் அச்சிட்டு விற்பது எந்த நோக்கத்துக்காக ஆனாலும் தவறு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிடுவதை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவு தடைசெய்கிறது. தோட்டத்தில் எந்த லயத்துப் பிள்ளை என்று ஒரு சொல் கசிந்தாலே போதும், மறுநாள் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களம் முழுக்கப் பரவிவிடும். ஆகவே மாலையின் அட்டையில் விலையும் செய்த பொருளின் விவரமும் இருக்கட்டும். கோத்தவளின் பெயர் அவளுடைய வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருக்கவேண்டும்.