குழலுக்கு மொழி இல்லையாம்!

அம்பத்தூரில் நான் பாடஞ்சொல்லும் பள்ளியிலே ஒரு மாணவி, குழல் பயில்கிறாள். தந்தை தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தோடு நாளெல்லாம் மல்லாடுபவர். வீணை வாங்கப் பணமில்லை, மூங்கிலுக்கு இருந்தது, ஆகவே குழல்! முதற்படித் தேர்வில் தேறிவிட்டாள். மேற்படித் தேர்வுக்கென எட்டு உருப்படிகளை எழுதிவந்து காட்டினாள். ஏழு தெலுங்கு, ஒன்று வடமொழி. தமிழ்? தேடினேன். தாளின் தலைப்பில் இருந்த அவள் பெயர் மட்டுமே தமிழ்!

“இவற்றுள் ஒன்றுக்கேனும் பொருள் தெரியுமா அம்மா?” என்றேன்.

“குழலில் வாசிப்பதுதானே சார், சொல் எதற்கு என்றார்கள்” என்றாள்.

சொன்னவர் யாராகவேனும் இருக்கட்டும். இந்தப் பேச்சு இன்று பிறந்ததன்று, தோழர்களே! இதற்கு வயது எண்பதுக்கு மேல்.

1940-இல் அண்ணாமலை அரசர், தமிழ்ப் பாடல்கள் பெருகவும் பரவவும் 15,000 ரூபாய் வழங்க முன்வந்தார். 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டு மிகுதியாக ஒலிக்கட்டும் என்றது மாநாடு. வேறென்ன கேட்டுவிட்டார்கள்? தமிழன் காசு கொடுத்துக் கேட்கும் இசை, தமிழனுக்குப் புரிய வேண்டும் என்றார்கள். அவ்வளவே! அதே ஆண்டு டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியிலிருந்து மறுமொழி வந்தது. உயர்ந்த இசையின் தரத்தைக் காப்பதே நோக்கமாக வேண்டும். அத்தரம் தாழும்படி மொழி என்னும் எண்ணத்தைப் புகுத்தலாகாது என்று தீர்மானம். தமிழ் நுழைந்தால் தரம் குன்றும் என்ற அச்சம் அதிலே ஒளிந்திருந்தது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. கச்சேரியின் கடைசியில், துக்கடா என்ற பெயரில், எழுந்து போகிறவர்களின் காலடி ஓசைக்கிடையே பாடப்பட்ட தமிழ், மெல்ல மெல்ல நடுமேடைக்கு நகர்ந்தது.

இசைக்கு மொழியில்லை என்போரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. எம்மொழியானால் என்ன என்பது மெய்யானால், தமிழானால் மட்டும் என்ன கேடு? அந்த ‘எம்மொழி’, எண்ணிப் பார்த்தால் எப்போதும் ஏன் தமிழல்லாத மொழியாகவே முடிகிறது?

மேடையை விடத் தேர்வுப் பட்டியல் வலியது என்பேன். கச்சேரி கேட்டவர் வீடு சேர்வதற்குள் பாதியை மறப்பார். தேர்வுக்கு வாசித்தவளோ நூறு முறை, இருநூறு முறை வாசிக்கிறாள். நாளை ஆசிரியையாகி அதையே பத்துப் பேருக்குச் சொல்லித் தருகிறாள்.

சரி, குழலுக்கு மொழி உண்டா? நம் முன்னோரைக் கேட்போம். பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை, அதாவது நம் அம்பத்தூரும் அடங்கிய நாட்டை, ஆண்ட இளந்திரையனைப் பாடுவது. அதிலே வரும் கோவலன் தீக்கடைகோலால் மூங்கிலில் துளையிட்டுத் தானே குழல் செய்து பாலைப் பண் வாசிக்கிறான். ஆடு மாடு மேய்த்தவன் கைக்கருவி அது! சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, குழலோனுக்குச் சித்திரப் புணர்ப்பும் வஞ்சனைப் புணர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. என்ன அவை? பாட்டின் எழுத்துகளில் வல்லொற்று வருமிடத்தே, அதனை மெல்லொற்றுப் போல நெகிழ்த்திப் பண் கெடாமல் இசைக்கும் திறம் என உரைகாரர் விளக்குவர். சொல்லே வேண்டாத கருவிக்கு ஒற்றெழுத்தைப் பற்றிய கவலை எதற்கு?

பழங்கதை போதும் என்போருக்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்று. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை நாகசுர மரபில் வந்து குழல் ஏந்தியவர். 1953-இல் அதே அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவருடைய மாணவர் தி. விசுவநாதன், பாலசரசுவதியின் தம்பி, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். கச்சேரிக்கு நடுவே குழலை இறக்கிவிட்டு அதே அடியை வாயால் பாடிக் காட்டுவார். பிறகு மறுபடி ஊதுவார்.

காரணம் எளிது. குழலுக்கு உயிர் மூச்சு. பாடுகிறவன் சொல் முடியுமிடத்தில் மூச்சு வாங்குகிறான். பொருளறியாமல் ஊதுகிறவன் எங்கே வாங்குவான்? நெஞ்சு காலியான இடத்தில்! என் மாணவி வாசித்தபோது எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு சொல்லை நடுவே வெட்டி மூச்சிழுத்தாளாம். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆக, பட்டியலைத் திருத்த உட்கார்ந்தோம். பைரவி அடதாள வர்ணத்தை எடுக்காதே என்றேன். 14 அட்சரத் தாளத்தில் இரண்டு காலம் வாசிப்பதற்கு ஈடான மூச்சுப் பயிற்சி வேறில்லை. கரகரப்பிரியா கீர்த்தனையும் இருக்கட்டும். தியாகராசர் அந்த இராகத்துக்குச் செய்ததை மறுப்பவன் இசையறியாதவன். விரல் ஓடுவதற்கென்றே சேர்த்திருந்த விரைவான உருப்படிகள் மூன்று. தேர்வாளரை மிரட்ட உதவும், வேறெதற்கும் உதவா. அவற்றை அடித்தோம்.

அவ்விடத்தில் எதை வைப்பது? தமிழென்றால் எல்லாம் சாமி பாட்டாகவே வந்து நின்றது. தமிழிசை என்பது தமிழில் கடவுட் பாட்டுப் பாடுவதோடு முடிவதா என்று 1940-களிலேயே பெரியார் கேட்டார். அக்கேள்வி என் முன்னும் வந்து நின்றது. கோபாலகிருட்டிண பாரதியின் நந்தன் பாட்டு ஒன்றைச் சேர்த்தேன். ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் அடிமையின் குரல் அது. கதை அவனை நெருப்பில் இறக்கி ‘தூய்மை’ செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அடுத்தது பாரதிதாசனின் யாழ்ப் பாட்டு. தண்டபாணி தேசிகர் தேஷ் இராகத்தில் அமைத்தது. அண்ணாவின் ‘ஓர் இரவு’ 1951-இல் படமானபோது நாடெங்கும் ஒலித்தது. கடவுள் இல்லை, வீட்டில் ஒருவருக்கொருவர் இன்பம் சேர்ப்பது மட்டுமே அதில் உண்டு. மூன்றாவதைப் பாரதியாரிடமிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

தெலுங்கு உருப்படிகள் இன்னும் நான்கு இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குமேல் அவள் குழலோடு அந்த மூதாட்டியின் திண்ணையில் அமர்கிறாள். அவர் சொல்லுக்குச் சொல் பொருள் கூறுகிறார். இவள் பென்சிலால் மூச்சு வாங்குமிடத்தைக் குறித்துக்கொள்கிறாள்.