கடன் ஏட்டில் பிறந்த காப்பீடு

அகமதாபாத்தில் 1974ஆம் ஆண்டு, தலைச்சுமைக்காரிகளும் பீடி சுற்றுபவர்களும் பழைய துணி விற்பவர்களுமாக நாலாயிரம் பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை போட்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். எலா பட் 1972இல் அமைத்த சேவா தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள் அவர்கள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டினார்கள்.

தவணை கட்டாதவர்கள் யார், ஏன் என்று விசாரித்தபோதுதான் சங்கத்துக்கு உண்மை தெரிந்தது. கடன் வாங்கியவள் படுக்கையில் கிடந்தாள், அல்லது பிள்ளைக்கு மருந்து வாங்கியதில் தொழில் முதலைத் தின்றுவிட்டாள். சிலர் பிரசவத்திலேயே இறந்துபோயிருந்தார்கள். நிலுவைக்குப் பின்னால் ஏமாற்று இருக்கும் என்று எந்த வங்கிக்காரரும் எதிர்பார்ப்பார். இங்கே இருந்தது நோய்.

இப்படிக் கடன் ஏட்டிலிருந்து பிறந்ததுதான் 1992இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம். குஜராத்தியில் காப்பீட்டுக்கு 'விமோ' என்று பெயர். திட்டம் 'விமோசேவா' ஆயிற்று. கிராமங்களில் சேமிப்புக் குழுக்களே அதன் கைகால்கள். 'ஆகேவான்' எனப்படும் உள்ளூர்த் தலைவிகள் வீடுவீடாகப் போய் உறுப்பினர் சேர்த்தார்கள். மருத்துவமனைச் சீட்டுகளையும் அவர்களே வாங்கி அனுப்பினார்கள். சந்தா கட்டுவதற்கு இன்னொரு வழியும் கண்டார்கள். வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டுவிட்டால், ஆண்டுதோறும் அதன் வட்டியே சந்தாவாகிவிடும். விதைப்பு நாளிலோ கல்யாணச் செலவிலோ சந்தா விட்டுப்போகும் என்ற கவலை இல்லை. சேமிப்பும் காப்பீடும் ஒரே கணக்கில் இணைந்தது, என் பார்வையில், இத்திட்டத்தின் மிக நேர்த்தியான பகுதி.

தொகை சிறியதுதான். 1990களின் இறுதியில் மொத்தச் சந்தா 72.50 ரூபாய், அதில் மருத்துவத்துக்கு 30 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1,200 ரூபாய் கிடைத்தது. அதையும் முதலில் கைக்காசு போட்டுச் செலவழித்து, பில்லைக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஆறு ஆண்டுகளில் வந்த 1,930 விண்ணப்பங்களை ஆராய்ந்த ஆய்வாளர் கெண்ட் ரான்சன், குடும்ப ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிய சிகிச்சைகள் பாதிக்குமேல் குறைந்ததாக 2002இல் எழுதினார். ஆயிரத்து இருநூறு ரூபாய் செய்த வேலை அது.

ஆனால் எல்லோருக்கும் அது போய்ச் சேரவில்லை. நகரத்தில் ஏழையும் சற்று வசதியுள்ளவளும் ஏறக்குறைய சமமாகவே பணம் பெற்றார்கள். கிராமத்தில் மிக ஏழைகள் பின்தங்கினார்கள். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகவும், அட்மிட் ஆகக் கையில் பணம் வைத்திருக்கவும், சான்றுக்காக மறுபடி அலையவும் முடிந்தவளுக்கே பணம் கிடைத்தது. முன்கூட்டியே பணம் தருவது, அலுவலர்கள் கிராமத்துக்கே வருவது என்று மாற்று வழிகளைப் பரிசோதித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஏழைகளின் பங்கு உயர்ந்ததற்கு அதில் தெளிவான சான்று கிடைக்கவில்லை.

விண்ணப்பக் கட்டுகள் வேறொன்றையும் காட்டின. காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றோடு கர்ப்பப்பை அகற்றும் அறுவை அடிக்கடி வந்தது. காப்பீடு எடுத்தவர், எடுக்காதவர் இருதரப்பையும் சேர்த்து சப்னா தேசாய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். காப்பீடு எடுத்த கிராமப் பெண்களில் 9.8 சதவீதத்தினர், நகரப் பெண்களில் 5.3 சதவீதத்தினர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். வெள்ளைப்படுதல், அதிக உதிரப்போக்கு போன்ற தொல்லைகளுக்கு ஆரம்பத்திலேயே பார்க்க ஊரில் மருத்துவர் இருந்திருந்தால் இவற்றில் எத்தனை தேவைப்பட்டிருக்கும்?

சங்கம் தன் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் இந்நோய்களையும் அறுவையையும் பற்றிப் பெண்களுக்கு விளக்கக் கூட்டங்கள் நடத்திப் பார்த்தது. 2017இல் முடிவு வந்தபோது, காப்பீட்டு விண்ணப்பங்களும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை.