கருப்பை வாய்ப் புற்றுமுன் மாற்றங்கள்: சோதனையும் நோய் நிர்ணயமும்

கருப்பை வாயில் புற்றுநோய் திடீரென்று தோன்றுவதன்று. பாப்பிலோமா வைரஸின் சில வகைகள் நெடுங்காலம் நிலைத்துத் தங்குவதால் மேற்படலத்து உயிரணுக்கள் படிப்படியாக விகாரமடைந்து, பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது உருவெடுக்கிறது. யாதொரு வேதனையும் காட்டாத அந்த இடைக்காலத்திலேயே விகாரத்தைக் கண்டு நீக்கிவிடுவது சாத்தியம்.

கிரேக்க தேசத்தில் பிறந்து நியூயார்க்கில் ஆராய்ச்சி நடத்திய ஜார்ஜ் பாபனிகோலாவு, டிராவுட் என்னும் மருத்துவருடன் 1943-ல் வெளியிட்ட நூலுக்குப் பின், உயிரணுக்களைச் சுரண்டியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கும் முறை பல தேசங்களிலும் பரவிற்று. ஆய்வுக்கூடமும் தேர்ந்த நிபுணரும் இல்லாத கிராமங்களுக்கு அம்முறை எட்டாக்கனியாகவே நின்றது. அங்கே உதவுவது அசெட்டிக் அமிலம்: 3 முதல் 5 சதவிகிதக் கரைசலைப் பஞ்சில் தோய்த்துத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், விகாரமுற்ற பகுதி தெளிந்த விளிம்புடன் வெளுத்துத் தோன்றும். திண்டுக்கல் ஜில்லாவில் 30 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளுக்குச் செவிலியர் ஒரே ஒரு முறை இச்சோதனையைச் செய்து, வேண்டியவர்களுக்குச் சிகிச்சைக்கும் வழிசெய்ததில், இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 35 சதவிகிதம் குறைந்ததென 2007-ல் வெளியான ஆய்வு நிரூபித்தது. எளிய சாதனத்தால் விளைந்த இப்பயன் உண்மையிலேயே மகத்தானது.

ஆயினும் வெண்மை மட்டும் நோய் நிர்ணயமாகாது. அழற்சியாலும் அது உண்டாகலாம். ஆதலால், 1925-ல் ஜெர்மனியில் தோன்றிய கால்போஸ்கோப்பினால் அவ்விடத்தைப் பெருக்கிப் பார்த்து, ஐயத்துக்குரிய திசுவைச் சிறிது கிள்ளியெடுத்துச் சோதித்தே முடிவு கூறுவர். விகாரத்தை அதன் கடுமைக்கேற்ப மூன்று படிகளாகப் பிரிப்பர். முதற்படி விகாரம் பெரும்பாலும் தானே மறைவதால், அதற்குச் சிகிச்சையை அவசரப்படுத்தாமல் சிலகாலம் கண்காணிப்பதே வழக்கம். இரண்டாம், மூன்றாம் படிகளுக்கே உறையவைத்தோ மின்கம்பி வளையத்தால் அகற்றியோ சிகிச்சை செய்கின்றனர்.