மஞ்சள் கரு வில்லனான கதை

முட்டைப் பயத்தை ஆரம்பித்து வைத்தவை முயல்கள்! 1913-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி, சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார். ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிந்தது. முயலோ இலைதழை தின்னும் பிராணி! எலிகளுக்கு அப்படி ஆகவில்லை.

ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறினால் ஆபத்து என்பது உண்மைதான். தட்டில் இருப்பதெல்லாம் அப்படியே ரத்தத்தில் ஏறிவிடும் என்று நினைத்ததுதான் கோளாறு. கல்லீரலே தினமும் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது. சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலோருக்கு அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனாலும் 1968-ல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு 3 மஞ்சள் கருதான் என்றது. பலர் வெள்ளையைத் தின்று மஞ்சளைக் குப்பையில் போட்டார்கள். முட்டையின் சுமார் 6 கிராம் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் போனது, பாவம்!

2015-2020க்கான அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை எடுத்துவிட்டது. சர்க்கரை நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.