"வாங்கிட்டேன்": ஒரு சொல், மூன்று ஒப்பந்தங்கள்

கும்மிடிப்பூண்டியில் புதுசா பட்டறை போடுறவங்ககிட்ட பேசினா ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். "சிப்காட்ல இடம் வாங்கிட்டேன், லேத் வாங்கிட்டேன், டாலி வாங்கிட்டேன்." லேத் சரி, அது வாங்கினதுதான், நாளைக்கே யாருக்கு வேணும்னாலும் விற்கலாம். இடம் வாங்கினது இல்லை, 99 வருஷக் குத்தகை. வேறொருத்தருக்கு மாத்தணும்னா சிப்காட் அனுமதி வேணும். டாலி? அதுக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுது.

ஒப்பந்தச் சட்டம் (1872), சொத்து மாற்றுச் சட்டம் (1882), சரக்கு விற்பனைச் சட்டம் (1930) என்று வரிசையாகப் படிக்கத்தான் முயன்றேன். மண்டையில் ஏறவில்லை. ஏறியது ஒரு சென்னை வரி வழக்கைப் படித்த பிறகு.

1939-ல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி கொண்டுவந்தது. மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டணுமே. 1947-ல் சட்டத்தைத் திருத்தி, கட்டுமான ஒப்பந்தங்களில் பயன்படும் பொருளையும் 'விற்பனை'க்குள் இழுத்தார்கள். கேனன் டங்கர்லி கம்பெனிக்கு 1949-50 கணக்கில் வரி விழுந்தது. கம்பெனி சொன்னது எளிமையானது: நாங்கள் கட்டடம் கட்டினோம், செங்கல் விற்கவில்லை. 1954-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அரசு டெல்லிக்குப் போனது.

1958 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். (ஆமாம், சங்கீத கலாநிதி, டி.கே. பட்டம்மாளுக்கு தீட்சிதர் கிருதிகள் சொல்லிக்கொடுத்தவர், அவரேதான்.) 1935 அரசுச் சட்டம் மாகாணத்துக்குக் கொடுத்தது 'சரக்கு விற்பனை' மேல் வரி போடும் அதிகாரம். அந்தச் சொல்லுக்கு 1930 சட்டத்தில் உள்ள பொருள்தான். மாகாணம் இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. விற்பனை என்றால் அந்தப் பொருளையே கொடுப்பதாக உடன்பாடு வேண்டும், விலை வேண்டும், உரிமை கைமாற வேண்டும். இங்கே பேசி முடித்தது கட்டடம். செங்கல் நிலத்தோடு ஒட்டிப்போனதால் நிலக்காரருடையது ஆனது, விற்றதால் அல்ல. பொருளுக்குத் தனியாக ஒப்பந்தம் போட்டிருந்தால் கதை வேறு.

அப்புறம் என்ன, எப்படி எழுதினால் வரி வராது என்று பார்த்து ஒப்பந்தம் எழுதுவது ஒரு கலையாகிவிட்டது. மாநிலங்கள் முறையிட, 1982-ல் 46-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கட்டுமானத்தில் போகும் பொருள், தவணைக் கொள்முதல், பொருளைப் பயன்படுத்தும் உரிமையை வாடகைக்கு மாற்றுவது எல்லாமே வரிக்காக 'விற்பனை' ஆயின. உடனே அடுத்த சண்டை. கிரேனை வாடகைக்கு விட்டால் உரிமை மாறுகிறதா? விசாகப்பட்டினம் உருக்காலை வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: இயந்திரத்தின் கட்டுப்பாடு யார் கையில்? ஒப்பந்தக்காரர்கள் அதை வைத்து வேலை செய்தாலும் கட்டுப்பாடு ஆலையிடமே இருந்தது. ஆகவே வரி இல்லை.

மென்பொருளுக்கு 2004-ல் டிசிஎஸ் வழக்கு. பெட்டியில் அடைத்து, சிடியில் ஏற்றிக் கடையில் விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான் என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. ஆக, அந்தக் காலத்தில் டாலி டப்பா வாங்கினவர் "வாங்கிட்டேன்" என்றது அவ்வளவு தப்பில்லை! ஆனால் மென்பொருள் விற்பனையாளர் சங்கம் போட்ட வழக்கில் 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பிடி போட்டது. மென்பொருள் சரக்குதான், ஆனாலும் ஒவ்வொரு பரிவர்த்தனையும் விற்பனையா சேவையா என்பதை அதன் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்லணும்.

2017 ஜிஎஸ்டியில் சக்கரம் முழுசாகச் சுற்றிவிட்டது. கட்டட ஒப்பந்தம், கிரேன் வாடகை, மென்பொருள் எழுதித் தருவது எல்லாம் 'சேவை'. இத்தனை வருஷம் இவற்றை விற்பனை ஆக்கத்தானே போராடினார்கள்!

எனக்கு இதில் உறுத்துவது வரி அல்ல. லேத் கடைக்காரரிடம் "இன்ன வேலைக்கு வேணும்" என்று சொல்லி, அவர் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், அந்த வேலைக்கு லேத் உதவணும் என்பது 1930 சட்டத்தின் 16-வது பிரிவில் தானாகவே வருகிறது. சேவைக்கு அந்தப் பிரிவு இல்லை. சரக்குக்கே கூட, 62-வது பிரிவின்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அதை எழுத்தில் நீக்கிவிடலாம். மென்பொருள் உரிமத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிறோம்.